பெயரில்லாத ஒன்பது

அத்தியாயம் பதினேழு

உறைபனி இறங்கிய சனிக்கிழமைக் காலை. கில்டாரன் ஊரின் கூரைகள் எல்லாம் வெளுத்துக் கிடந்தன. அவற்றில் பாதிக் கூரைகள் ஸ்ட்ரூவன் பீரி ஏறி இறங்கியவை. திங்கள் முதல் வெள்ளி வரை ஊராரின் தலைக்கு மேல் ஸ்லேட் ஓடு பதிப்பது அவன் பிழைப்பு. சனிக்கிழமை மூன்று மணிக்கு அதே ஊராரின் வசவைத் தலைமேல் வாங்கிக்கொண்டு பந்து உதைப்பது அவன் பித்து. பிழைப்பு வயிற்றை நிரப்பியது. பித்துதான் பதினாறு ஆண்டுகளாக அவனை நிமிர்ந்து நடக்கச் செய்தது.

அந்த நிமிர்வுக்குத்தான் வியாழக்கிழமைப் பயிற்சியின் முடிவில் வேட்டு வைக்கப்பட்டது. கில்டாரன் வாண்டரர்ஸ் அணியின் பயிற்சியாளர் கில்கிறிஸ்ட், கூம்புகளைப் பொறுக்கிப் பையில் போட்டபடியே, வானிலை அறிக்கை வாசிப்பவரைப் போலச் சொன்னார்:

"அடுத்த சீசனுக்கு ஃபார்வர்டு ஒருத்தன்தான். கிளப் அவ்வளவுதான் தாங்கும். சனிக்கிழமை ஆடிக் காட்ட ஒரு ட்ரையலிஸ்ட் வர்றான். பாப்போம்."

பாப்போம்! ஒன்பது ஆட்டங்களாகக் கோல் போடாத முப்பத்து நான்கு வயதுக்காரனுக்கு, அந்த ஒரு சொல் இரண்டு இரவுத் தூக்கத்தைத் தின்னப் போதுமானதாக இருந்தது.

இப்போது அவன் சமையலறை நாற்காலியில் வலது காலை நீட்டியிருந்தான். மனைவி லோர்னா தரையில் மண்டியிட்டு, அவன் முட்டியைச் சுற்றி வெள்ளை டேப்பை இழுத்து இழுத்து ஒட்டினாள். வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டி மாத்திரை கொடுத்துவரும் வேலை அவளுக்கு. கட்டுப் போடுவதில் கை தேர்ந்தவள். கண்டிப்பதில் வாய் தேர்ந்தவள்.

"ஆட்டாதே."

"ஆட்டலை."

"அப்ப இது என்ன, தானா ஆடுதா?"

இடது கால் தரையில் படபடவென்று தட்டிக்கொண்டிருந்ததை அவன் அப்போதுதான் கவனித்தான்.

"இந்த முட்டி உன்னைவிடப் புத்திசாலி, ஸ்ட்ரூவன். போதும்னு அது ரெண்டு வருஷம் முன்னாடியே சொல்லிடுச்சு."

"அதுக்கு என்ன தெரியும்? வளைஞ்சு குடுத்தே பழகினது."

மேசைமேல் லோர்னாவின் கைபேசி அதிர்ந்தது. திரையைப் பார்த்தாள், கவிழ்த்து வைத்தாள். மறுபடி அதிர்ந்தது. அதையும் பார்க்காதவள் போல டேப்பின் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்தாள்.

"யாரு?"

"வேலை விஷயம்."

"வேலைன்னா எடுக்க வேண்டியதுதானே?"

"எடுத்தா போகணும். போனா உன் காலை யாரு கட்டறது?" அவள் எழுந்தாள். கையைத் துடைத்துக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "இன்னைக்கு அங்க யாரைப் பாத்தாலும், மொதல்ல மூச்சை இழுத்து விடு. அப்புறமா வாயைத் திற."

"யாரைப் பாக்கப்போறேன் புதுசா?"

"ரெஃப்ரியை. வேற யாரை? கிளம்பு, ரோல் ஆறிப்போச்சு, கையில எடுத்துக்கிட்டுப் போ."

ஸாசேஜ் வைத்த ரோலைக் கடித்தபடி அவன் தெருவில் நடந்தான். இரண்டாவது கடிக்குப் பின் அது எங்கே போயிற்று என்று அவனுக்கே தெரியவில்லை. மூலையில் ஒரு நாய் மகிழ்ச்சியாக மென்றுகொண்டிருந்தது.

*

கடலோர மைதானத்தில் பத்துப் பேர் வரிசையாக நின்று, புல்லின்மேல் போர்த்தியிருந்த பனித்துணியை உருட்டிக்கொண்டிருந்தார்கள். கடைக்கோடியில், ஒரு கையில் ஊன்றுகோலும் மறு கையில் துணியின் ஓரமுமாக நின்றவர் ஹெக்டர் பீரி, ஸ்ட்ரூவனின் தந்தை. எழுபது வயது. தொண்டை மட்டும் முப்பது.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன், தேவாலயக் கூரையிலிருந்து ஹெக்டர் விழுந்தார். அன்று முதல் மகன் கையில் அவருடைய சுத்தியல். அவர் கையில் மைதானத்தின் ஒலிபெருக்கி. அணிப் பட்டியலை அறிவிப்பவர், கோல் போட்டவன் பெயரைக் கடல் வரைக்கும் கேட்க முழங்குபவர் அவர்தான். இப்போது இரண்டு கண்ணிலும் புரை. அறுவை சிகிச்சைக்கு வரிசையில் காத்திருக்கிறார். சென்ற ஆண்டு மூன்று கோல்களுக்கு மூன்று தவறான பெயர்களை முழங்கிவிட்டதால், கில்டாரனில் ஒரு விதி பிறந்தது. கோல் போட்டவன் கொண்டாடிவிட்டு, ஹெக்டர் உட்காரும் உயரமான கண்ணாடி அறையான அறிவிப்புப் பெட்டிக்குக் கீழே வந்து நின்று தன் எண்ணைக் கத்த வேண்டும். வேறெந்த ஊர் மைதானத்திலும் இல்லாத இந்த விதியை எதிரணிகள் கேலி செய்தன. கில்டாரன்காரர்கள் அதைச் சட்டமாகவே மதித்தார்கள்.

"கேட்டியா?" ஹெக்டர் துணியைத் தரதரவென்று இழுத்தார். "ஒன்பதாம் நம்பரை அந்த ட்ரையலிஸ்டுக்குக் குடுக்கறானாம் கில்கிறிஸ்ட். உங்க தாத்தா ஒன்பது. நான் ஒன்பது. நீ ஒன்பது. அறுபது வருஷத்துல அந்தச் சட்டை நம்ம வீட்டுக் கொடியை விட்டு வேற கொடியில காஞ்சதில்லை!"

"அது கிளப் சட்டைப்பா."

"துவைச்சது யாரு? உங்கம்மா!"

"ஆளு யாருன்னு தெரிஞ்சுதா?"

"கேக்க மாட்டேன். தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன். ட்ரையலிஸ்டுக்குப் பேர் கிடையாது. வேலை தேடி வர்றவன் தோத்துப்போனா, அவன் ஊருக்குத் தெரியாம, அவன் முதலாளிக்குத் தெரியாம, மானத்தோட வீடு போய்ச் சேரணும். பதினஞ்சு வருஷத்துல ஒரு தடவைகூட நான் அந்த வார்த்தையை மீறினதில்லை. எனக்கு அவனைப் பிடிக்கலைன்னாலும் மீற மாட்டேன்."

நடுவர் வந்தார். குதிகாலால் புல்லை நான்கு இடத்தில் அழுத்திப் பார்த்தார். ஐந்தாவது இடத்துக்குப் போவதற்குள் ஹெக்டர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"என் சின்னவன் ரூரி தெற்கே முழுநேர ஆட்டக்காரன், தெரியுமில்ல? இப்பக் கால்ல கொஞ்சம் பிடிப்பு. இல்லைன்னா டீவில பாத்திருப்பீங்க."

"போன தடவையும் சொன்னீங்க, ஹெக்டர்."

"போன தடவை எடது கால்."

ஆட்டம் நடக்கும் என்று நடுவர் கட்டைவிரலை உயர்த்தினார். ஊர் மகிழ்ந்தது. ஸ்ட்ரூவன் மட்டும் மகிழவில்லை. பனி இன்னும் இரண்டு மணி நேரம் இறுகியிருந்தால், அவன் விதி இன்னும் ஒரு வாரம் தள்ளிப் போயிருக்கும்.

ஆனாலும் ஒரு கேள்வி அவன் நெஞ்சில் முள்ளாய் நின்றது. மன்னர் மகுடம் மகனுக்குப் போவதைக் கண்டால், டீக்குடிலில் நின்று வாய் கிழியக் கேலி பேசும் ஊர் இது. அப்படிப்பட்ட ஊர், வியர்வை நாற்றம் வீசும் ஒரு சட்டை மட்டும் தாத்தனிடமிருந்து பேரனுக்கு இறங்க வேண்டும் என்று எப்படிக் கைதட்டுகிறது? தகுதி கேட்காத உரிமை எங்கிருந்தாலும் அது அநீதிதானே? அரண்மனையில் இருந்தால் அநீதி, பீரி வீட்டுக் கொடியில் காய்ந்தால் பெருமையா?

கேள்வி சரியானதுதான். ஆனால் சட்டை அவனுடையது. தன் உடம்பில் இருக்கும் சட்டையைத் தானே விசாரணைக்கு அனுப்பும் துணிவு எத்தனை பேருக்கு வரும்?

*

ஒன்றரை மணி. உடைமாற்றும் அறையில் தைல நெடி. கில்கிறிஸ்ட் சுவரில் தாளை ஒட்டினார். எல்லாருடைய கண்ணும் ஒன்பதாம் எண்ணுக்குப் போயிற்று. பிறகு ஸ்ட்ரூவனிடம் வந்தது. பிறகு தத்தம் பூட்ஸுக்குப் போய்ப் பதுங்கியது.

ஒன்பது: ட்ரையலிஸ்ட். பதினான்கு: ஸ்ட்ரூவன் பீரி, பெஞ்ச்.

"எங்க அவன்?" என்று கேட்டான் கோல்கீப்பர். "வர்றானா, இல்ல பேர் மாதிரி ஆளும் கிடையாதா?"

கதவு திறந்தது. கம்பளித் தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டு, தாடியோடு ஒருவன் உள்ளே வந்தான். தாடி புதிது. ஆனால் உள்ளே வந்ததும் குனிந்து இடது சாக்ஸை மேலே இழுத்துவிட்ட அந்தப் பழக்கம், ஸ்ட்ரூவனுக்கு இருபது ஆண்டுப் பழையது.

மூச்சை இழுத்து விடு என்று லோர்னா ஏன் சொன்னாள் என்பது அவனுக்கு இப்போது விளங்கியது. இழுத்தான். விட மறந்துபோனான்.

வந்தவன் ரூரி. அவனுடைய தம்பி.

பூட்ஸ் கழுவும் சின்ன அறைக்குள் தம்பியை இழுத்துக்கொண்டு போய், ஸ்ட்ரூவன் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டான்.

"எப்ப?"

"ஜனவரி மூணாந்தேதி, அண்ணே. ஆபீஸுக்குக் கூப்பிட்டாங்க. ரெண்டு நிமிஷம். 'நன்றி ரூரி, லாக்கர் சாவியை வாசல்ல குடுத்துட்டுப் போ.' அவ்வளவுதான், எட்டு வருஷம்."

"பிப்ரவரி முடியப்போகுது. எங்க இருந்தே?"

"கொஞ்ச நாள் கார்ல. அப்புறம் ஒரு ஃப்ரெண்டு வீட்டு சோஃபாவுல."

"அப்பாகிட்ட கால்ல பிடிப்புன்னு சொல்லியிருக்கே."

"எந்தக் கால்னு எனக்கே மறந்துபோச்சு. மாத்தி மாத்திச் சொல்லிட்டேன்."

ஸ்ட்ரூவனுக்குச் சிரிப்பு வந்தது. அது வெளியே வருவதற்குள் கோபம் முந்திக்கொண்டது. "நாடு முழுக்க மைதானம் இருக்குடா. என் மைதானம்தான் கெடைச்சுதா உனக்கு?"

"நாலு கிளப்ல கேட்டேன். ஒருத்தனும் திருப்பிக் கூப்பிடலை. இங்க மட்டும்தான் வான்னாங்க. பேர் இல்லாம ஆடலாம்னாங்க. சரியா வரலைன்னா, அப்பா அந்தப் படியில எறங்கி வர்றதுக்குள்ள போயிடுவேன். அவருக்குக் கண்ணு தெரியாது, சட்டைதான் தெரியும். தெரிஞ்சா அவரு தாங்க மாட்டார், அண்ணே. ஊர்ல ஒருத்தர் விடாம என்னைப் பத்திச் சொல்லி வச்சிருக்காரு."

"லோர்னாவுக்குத் தெரியுமா?"

ரூரி சாக்ஸை இழுத்துவிட்டான். அதுவே பதிலாக இருந்தது.

"இந்த இடம் எனக்கு வேணும், ரூரி."

"எனக்கும்."

பத்து ஆண்டுகளில் அந்தச் சகோதரர்களுக்கிடையே நடந்த மிக நேர்மையான உரையாடல் அதுதான்.

*

அறிவிப்புப் பெட்டிக்குப் பதினொரு மரப்படிகள். உடல் சூடேற்ற மற்றவர்கள் ஓடிக்கொண்டிருந்தபோது, ஸ்ட்ரூவன் அந்தப் படிகளின் அடியில் நின்றான். மேலே போய் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். தந்தை இறங்கி வருவார். தம்பி காரை நோக்கி ஓடுவான். ஒன்பதாம் சட்டை வீடு திரும்பும்.

அவனுக்கு இது புதுக் கணக்கு அல்ல. பத்தொன்பது வயதில் தெற்கிலிருந்து அவனுக்கும் ஓர் அழைப்பு வந்தது: ஒரு வாரம் வந்து பேரில்லாமல் ஆடிக் காட்டு, பிடித்தால் முழுநேர ஆட்டக்காரனாக வைத்துக்கொள்கிறோம் என்று. அதே வாரத்தில்தான் ஹெக்டர் கூரையிலிருந்து விழுந்தார். ஸ்ட்ரூவன் போகவில்லை. ஏணியில் ஏறினான். ஏழு ஆண்டு கழித்து அதே வாசல் தம்பிக்குத் திறந்தது. அண்ணன் பதித்த ஓடுகளின் கூலியில் தம்பி பேருந்து ஏறினான்.

ஒரு படி ஏறினான். இரண்டாவது படியில் கால் வைத்தான்.

தலைக்கு மேலே ஒலிபெருக்கி கரகரத்தது. "கில்டாரன் வாண்டரர்ஸ்... ஒன்பதாம் எண்..." வேப்பெண்ணெய் குடித்தவர்போல ஹெக்டரின் குரல் சுருங்கியது. "ட்ரையலிஸ்ட்." மற்ற பெயர்கள் தொடர்ந்தன. கடைசியில், "பதினான்காம் எண்... ஸ்ட்ரூவன் பீரி" என்ற இடத்தில் அந்த முரட்டுக் குரல் ஒருகணம் இடறியது.

ஸ்ட்ரூவன் படியிலிருந்து காலை எடுத்தான். பெஞ்சில் போய் உட்கார்ந்தான். உட்காரவும் முடியவில்லை, நின்றான். நிற்கவும் முடியவில்லை, கோட்டோரம் ஓடினான்.

"பீரி! அப்படியே ஓடி வீட்டுக்குப் போயிடு, அடுப்புல ஏதோ தீயற வாசனை வருது!" என்று ஒரு குரல் எழுந்தது. முந்நூறு பேரும் சிரித்தார்கள்.

எதிரணியான ஆக்டர்பிரே இருபதாவது நிமிடத்தில் கார்னரிலிருந்து ஒரு கோல் போட்டது. ரூரி ஓடினான், முட்டினான், விழுந்தான், எழுந்தான். பந்து மட்டும் அவனிடம் வந்து சேரவில்லை. "அந்தத் தாடிக்காரன் நல்லாத்தான் ஓடறான். யாரு பெத்த பிள்ளையோ!" என்றார் இறைச்சி அடைத்த 'பை' என்னும் பலகாரம் விற்கும் கவுண்டரில் நின்ற ஒரு மனிதர். ஸ்ட்ரூவன் காதைப் பொத்திக்கொள்ள விரும்பினான்.

இடைவேளையில், கையில் ஒரு தேநீர்க் குவளையோடு லோர்னா பெட்டியின் படிகளில் ஏறுவதைப் பார்த்தான். இறங்கும்போது குவளை அப்படியே நிறைந்திருந்தது.

அறுபத்தெட்டாவது நிமிடத்தில் கில்கிறிஸ்ட் விரலைச் சொடுக்கினார். "நீ போ. எட்டாம் நம்பரை வெளியே எடுக்கறேன். ரெண்டு பேரும் முன்னாடி நில்லுங்க. பேசிக்க வேண்டாம், ஆடினா போதும்."

அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. பேசத் தேவையும் இருக்கவில்லை. சந்தில் டின் உதைத்துக் கற்ற கால்கள் அவை. அண்ணன் வலப்புறம் இழுத்தால் தம்பி இடப்புறம் புகுவான் என்பது இருவரின் எலும்பிலும் எழுதியிருந்தது. மைதானம் மெல்ல எழுந்து நின்றது. வசவு குறைந்தது.

எண்பத்தேழாவது நிமிடம். கார்னர். ரூரி சாக்ஸை இழுத்துவிட்டான், பந்து வந்தது, எல்லாருக்கும் மேலே எழுந்து நெற்றியால் முட்டினான். கோல்கீப்பரைத் தாண்டி, கம்பத்தின் ஓரமாகப் பந்து கோட்டை நோக்கி உருண்டது. ஒரு தடுப்பாட்டக்காரன் காலை நீட்டினான். அவனுக்கு ஒரு விரற்கடை முன்னால், ஸ்ட்ரூவனின் பூட்ஸ் நுனி பந்தைத் தொட்டது.

வலை குலுங்கியது.

அந்தத் தொடுகை இல்லாவிட்டாலும் பந்து உள்ளே போயிருக்கும். போகாமலும் இருந்திருக்கும். உலகத்தில் யாராலும் இனி அதை நிரூபிக்க முடியாது. சட்டப்படி கடைசியாகத் தொட்டவன் அவன். ஒன்பது ஆட்ட வறட்சி முடிந்தது, இடம் அவனுடையது, அவன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: பெட்டிக்குக் கீழே போய், "பதினாலு" என்று கத்த வேண்டும்.

தோழர்கள் அவன்மேல் ஏறி விழுந்தார்கள். "போ, போ, நம்பரைச் சொல்லு!" என்று தள்ளினார்கள். ரூரி சேற்றில் உட்கார்ந்தபடி அவனைப் பார்த்தான். கேட்கவில்லை. கெஞ்சவில்லை. பேரில்லாதவன் எதைக் கேட்க முடியும்?

ஸ்ட்ரூவன் பெட்டிக்குக் கீழே வந்து நின்றான். மேலே கண்ணாடிக்குப் பின்னால் தந்தையின் மங்கிய முகம், காதை முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. பதினாறு ஆண்டுகளாகத் தன் உடம்பில் ஒட்டியிருந்த எண்ணை அவன் வாய் திறந்து கத்தினான்.

"ஒன்பது!"

ஒலிபெருக்கியில் இரைச்சல் மட்டும் கேட்டது. நீண்ட நேரம் கேட்டது. மைக் கெட்டுவிட்டதோ என்று சிலர் அண்ணாந்து பார்த்தார்கள்.

"கோல்," என்றார் ஹெக்டர். "கில்டாரன் வாண்டரர்ஸ். போட்டது... ஒன்பதாம் எண்."

அங்கேதான் அந்தச் சொல் வர வேண்டும். பதினைந்து ஆண்டுகளாக வந்த சொல். வரவில்லை.

"ரூரி பீரி," என்று முழங்கினார் ஹெக்டர். "என் சின்ன மகன். ஊருக்குத் திரும்பி வந்துட்டான்."

முந்நூறு தலைகளும் தாடிக்காரனை நோக்கித் திரும்பின. பிறகு பலகாரக் கவுண்டரிலிருந்து அதே மனிதரின் குரல்: "அடேய் ஹெக்டர்! அந்தப் பிடிப்பு காலை விட்டுத் தலைக்கு ஏறிடுச்சா?" முந்நூறு பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள், சிரிப்புக்குப் பின்னாலேயே கைதட்டல் வந்தது. ரூரி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது.

*

தாழ்வாரத்தில் ரூரி அண்ணனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். "நீதான் சொன்னியா?"

"இல்லடா."

"நான்தான் சொன்னேன்," என்றாள் லோர்னா. சுவரோரம் நின்றிருந்தாள்.

"அண்ணி! சத்தியம் பண்ணீங்களே!"

"பண்ணேன். ஏழு வாரமா நீ விடியக்காலை எனக்கு ஃபோன் பண்ணி அழுதப்ப, அதே சத்தியத்தை வச்சுக்கிட்டு நான் என்ன செய்யறது? உங்கப்பாகிட்ட போய்க் கேட்டேன். 'மாமா, ஜெயிச்சாத்தான் உங்க பிள்ளையா? தோத்தா ட்ரையலிஸ்டா?' அவ்வளவுதான் கேட்டேன். டீகூடக் குடிக்கலை அவரு."

படிகளில் ஊன்றுகோலின் ஓசை. ஹெக்டர் இறங்கி வந்தார். தாடிக்காரனுக்கு எதிரே நின்றார். கோட்டுப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

"இறைச்சிப் பை. இடைவேளையில வாங்கினேன். ஆறிப்போச்சு."

ரூரி அதை வாங்கி, அங்கேயே நின்று தின்றான். தின்றுகொண்டே அழுதான். அதைப் பார்க்காமலிருக்க ஹெக்டருக்குப் புரை விழுந்த கண் உதவியது.

பிறகு அவர் மூத்தவன் பக்கம் திரும்பினார். "ரெண்டு சத்தம் கேட்டுச்சு எனக்கு."

"என்ன சத்தம்?"

"ஒண்ணு நெத்தி. இன்னொண்ணு?"

"கம்பத்துல பட்டிருக்கும்ப்பா."

"கம்பத்துச் சத்தம் எனக்குத் தெரியாதாடா? கண்ணுதான் போச்சு."

ஸ்ட்ரூவன் குனிந்து பூட்ஸ் சேற்றைத் தட்டினான். கில்கிறிஸ்டின் கதவு திறந்தது. "ஸ்ட்ரூவன், உள்ள வா. கதவைச் சாத்து."

உள்ளே நாற்காலி ஒன்றுதான். அதில் கில்கிறிஸ்ட் உட்காரவில்லை, இவனும் உட்காரவில்லை.

"நான் பத்தடியில நின்னேன். அது உன் கோல்."

"ஆமா, பாஸ்."

"ஏன் அவனுக்குக் குடுத்தே?"

"நான் தொட்டேன். அவன்தான் போட்டான். ரெண்டும் ஒண்ணில்லை. அடுத்த சீசன் அந்த எடத்துக்கு அவன்தான் சரி. நீங்களும் பாத்தீங்க."

"பாத்தேன்." கில்கிறிஸ்ட் தாடையைச் சொறிந்தார். "நீயே சொல்லணும்னு காத்திருந்தேன். என் வாயால சொல்லியிருந்தா, நாளைக்கு நீ ஓடு போட்ட கூரைகளைப் பாத்துக்கிட்டு என்னால தெருவுல நடக்க முடியாது." மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "இப்பத்தான் ஆக்டர்பிரே கோச் கதவைத் தட்டிட்டுப் போறாரு. கடைசி இருபது நிமிஷத்தைப் பாத்திருக்காரு. அவங்களுக்கு மே வரைக்கும் ஒரு ஃபார்வர்டு வேணுமாம். இதுல கையெழுத்துப் போட்டா, திங்கக்கிழமையிலிருந்து நீ எங்க ஆளு இல்லை. அடுத்த சனிக்கிழமை அங்க போய் ஆடிக் காட்டு. பிடிச்சா வச்சுக்குவாங்க. பிடிக்கலைன்னா, இங்கேயும் திரும்பி வர முடியாது. யோசிச்சுக்கோ."

"அங்க நான் எந்த நம்பர்?"

"நம்பர் என்னவோ. பேர் கிடையாது. ட்ரையலிஸ்ட்."

பதினைந்து ஆண்டு தாமதமாக வந்த அந்த அழைப்பை ஸ்ட்ரூவன் நான்காக மடித்தான்.

வெளியே தாழ்வாரம் காலியாகியிருந்தது. ரூரியின் தோளில் கைபோட்டு ஹெக்டர் ஊருக்குக் காட்டக் கூட்டிப்போய்விட்டார். லோர்னா மட்டும் பெஞ்சில் காத்திருந்தாள். அவனை உட்காரவைத்து, கீழே மண்டியிட்டு, முட்டியின் டேப்பைப் பிரிக்கத் தொடங்கினாள்.

"என்ன சொன்னார்?"

தாள் அவன் உள்ளங்கையில் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது. மெதுவாக அதை, பெஞ்சில் கிடந்த தன் கோட்டுப் பைக்குள் நழுவவிட்டான்.

"ஒண்ணுமில்லை."

அவள் டேப்பை ஒரு சுற்றுப் பிரித்தாள். இரண்டு சுற்றுப் பிரித்தாள். நிறுத்திவிட்டுத் தலை தூக்கினாள்.

"ஆட்டாதே."

"ஆட்டலை," என்றான் ஸ்ட்ரூவன்.